வாட்ச்பாயிண்ட்ஸ் லைப்ரரி: பொது டிக்ஷனரியில் கை வைத்த வரியைக் காட்டிக் கொடுக்கும் பைதான் கருவி

"காலையில சரியா வருது. மத்தியானத்துக்கு மேல வரி மாறி விழுது. சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது." புதுச்சேரியில் கடையும் கடலூரில் கிளையும் வைத்திருப்பவர்களுக்குப் பைதானில் பில்லிங் புரோகிராம் எழுதித் தருகிறவர்களுக்கு இது பழகிப்போன புகார். இதில் மூன்றாவது வாக்கியம்தான் துப்பு. டேட்டாபேஸில் தப்பு இருந்தால் ரீஸ்டார்ட் செய்தாலும் தப்பாகவேதான் வரும். ரீஸ்டார்ட்டில் சரியாகிறது என்றால் கோளாறு மெமரியில் இருக்கிறது. பல மாட்யூல்கள் (புரோகிராமின் தனித்தனி ஃபைல்கள்) பொதுவாகப் படிக்கும் ஏதோ ஒரு ஆப்ஜெக்டை அவற்றில் ஒன்று சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கிறது.

எந்த மாட்யூல், எந்த வரி என்று சொல்வதுதான் 'வாட்ச்பாயிண்ட்ஸ்' லைப்ரரியின் வேலை. காசில்லை, அப்பாச்சி 2.0 லைசென்ஸ். சி மொழிக்காரர்கள் ஜிடிபி என்ற டீபக்கரில் (கோளாறு தேடும் கருவியில்) 'வாட்ச்' கட்டளையை வைத்துக்கொண்டு பல காலமாக அனுபவிக்கிற வசதி இது. பைதானோடு வரும் பிடிபி டீபக்கரில் அப்படி ஒன்று கிடையாது. அந்த ஓட்டையை இந்தச் சின்ன லைப்ரரி எவ்வளவு தூரம் அடைக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம்.

ஒரு குறிப்பு: பைதான் 3 தமிழில் வைத்த பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதனால் எடுத்துக்காட்டுகளில் மாட்யூல், வேரியபிள் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. மொழிக்கே உரிய சொற்களையும் லைப்ரரிப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட கோளாறு

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் கோட். தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் கோட் மாறிவிடும். புதுச்சேரிக் கடை புதுச்சேரி வியாபாரிக்கே விற்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று பாதிப் பாதி. கடலூர் வியாபாரிக்குச் சரக்கு அனுப்பினால் முழுவதும் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனை வரி). (புதுச்சேரி யூனியன் பிரதேசம்தானே என்று யுடிஜிஎஸ்டி போடும் ரெடிமேட் கோடும் புழக்கத்தில் இருக்கிறது. அது தப்பு. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசத்துக்கு எஸ்ஜிஎஸ்டிதான்.)

18 சதவீத வரியுள்ள 10,000 ரூபாய்ச் சரக்கை எடுத்துக்கொள்வோம். சரியான உள்ளூர் பில்லில் 900 + 900. கோளாறு வந்த பில்லில் ஐஜிஎஸ்டி 1,800. இரண்டிலும் மொத்தம் 11,800. இந்தக் கோளாறு நாள் கணக்கில் ஒளிந்திருப்பதற்குக் காரணமே இதுதான். கல்லாவில் பணம் சரியாக இருக்கும், வாங்கினவரும் வாய் திறக்க மாட்டார். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் போடும்போது ஆடிட்டர்தான் பிடிப்பார். அதற்குள் மாதம் முடிந்திருக்கும். தப்பான வகையில் கட்டிய வரியைச் சரியான வகையில் மறுபடி கட்டிவிட்டு, முன்னது திரும்பக் கிடைக்க மனுப் போட வேண்டும்.

புரோகிராமில் நான்கு ஃபைல். 'அமைப்பு' என்ற மாட்யூலில் 'செட்டிங்ஸ்' என்ற டிக்ஷனரி (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கும் தொகுப்பு). அதில் "மாநிலம்" 34, "கிளை" புதுச்சேரி, "விலை" என்ற உள் டிக்ஷனரி. 'பில்', 'ரிப்போர்ட்', 'கடலூர்' ஆகிய மூன்றும் இந்த 'அமைப்பு' மாட்யூலை இம்போர்ட் செய்கின்றன. கடலூர் கிளையின் பெயரில் பில் அடிக்க வேண்டி வந்தால், 'கடலூர்' மாட்யூல் கிளைக்கான ஜேசன் ஃபைலைப் படித்து இப்படிச் செய்கிறது:

எஸ் = அமைப்பு.செட்டிங்ஸ்
எஸ்.அப்டேட்(கிளை_விவரம்)

எழுதியவர் மனதில் 'எஸ்' ஒரு நகல். பைதானுக்கு அது அதே டிக்ஷனரியின் இன்னொரு பெயர், அவ்வளவுதான். நாளின் முதல் கடலூர் பில் விழுந்ததும் "மாநிலம்" 33 ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு புதுச்சேரி பில்லும் வெளிமாநில பில். கோடில் "33" என்று தேடினால் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் அந்த எண் ஜேசன் ஃபைலில் இருக்கிறது. "மாநிலம்" என்று தேடினாலும் படிக்கும் வரிகள்தான் வரும், எழுதும் வரி வராது. தேடிப் பார்த்தும் சிக்காத இந்த இடத்தில்தான் இந்த லைப்ரரிக்கு வேலை.

நிறுவுவதும் முதல் ஓட்டமும்

'பிப் இன்ஸ்டால் வாட்ச்பாயிண்ட்ஸ்' போதும். துணைக்கு 'ஆப்ஜ்பிரிண்ட்' என்ற சின்னப் பேக்கேஜும் சேர்ந்து வரும். கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நெட் இல்லையென்றால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'பிப் டவுன்லோட்' செய்து, வந்த ஃபைல்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்துப் போய், 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' இரண்டையும் கொடுத்து நிறுவலாம். துணைப் பேக்கேஜை விட்டுவிட்டுப் போனால் அங்கே போய்த் திணற வேண்டியிருக்கும்.

பில்.பிஒய் ஃபைலில், இம்போர்ட் வரிகள் முடிந்த இடத்தில் இரண்டு வரி:

ஃபிரம் வாட்ச்பாயிண்ட்ஸ் இம்போர்ட் வாட்ச்
வாட்ச்(அமைப்பு.செட்டிங்ஸ்["மாநிலம்"])

பிறகு வழக்கம்போல ஓட்டி, ஒரு புதுச்சேரி பில், ஒரு கடலூர் பில், மறுபடி ஒரு புதுச்சேரி பில் என்ற வரிசையில் போட வேண்டும். இந்த வரிசை முக்கியம். கடலூர் பில் இல்லாமல் நாள் முழுக்க ஓட்டினாலும் கோளாறு தலைகாட்டாது. இரண்டாவது பில் போடும்போதே திரையில் 'வாட்ச்பாயிண்ட்ஸ் ட்ரிகர்ட்' என்ற தலைப்போடு அறிக்கை விழுகிறது. முதலில் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசை, ஃபைல் பெயர் வரி எண்ணோடு. அதன் கீழே மாற்றத்தைச் செய்த வரி அப்படியே, 'எஸ்.அப்டேட்(கிளை_விவரம்)', அதற்கும் கீழே பழைய மதிப்பு 34, புது மதிப்பு 33. இதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் குறைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. பைதானின் 'சிஸ்' மாட்யூலில் 'செட்ரேஸ்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வரி ஓடும்போதும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லலாம். வாட்ச்பாயிண்ட்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு, முன்பு எடுத்து வைத்த நகலோடு இப்போதைய மதிப்பை வரிக்கு வரி ஒப்பிடுகிறது. எந்த வழியில் மாறியது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. நேரடி அசைன்மெண்ட், அப்டேட், பாப், ஒரு லூப்பில் சாவி சாவியாக எழுதியது, எல்லாம் சிக்கும். மாற்றம் தெரியவரும்போது ஓட்டம் அடுத்த வரிக்கு நகர்ந்திருக்கும். 'வாட்ச்.கான்ஃபிக்(பிடிபி=ட்ரூ)' போட்டு அங்கேயே டீபக்கரைத் திறக்கச் சொன்னால், நிற்கும் இடம் குற்றம் நடந்த வரியாக இல்லாமல் அதற்குப் பிந்தியதாக இருக்கும். ஃபங்ஷன் முடிந்து கூப்பிட்டவரிடமே வந்து நிற்கவும் கூடும். அறிக்கையில் உள்ள வரி எண்ணை நம்புங்கள், டீபக்கரின் அம்புக்குறியை நம்பி ஏமாற வேண்டாம்.

எதைக் கண்காணிக்கச் சொல்வது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். லைப்ரரியின் பலமும் இங்கேதான்.

முழு டிக்ஷனரியையும் 'வாட்ச்(அமைப்பு.செட்டிங்ஸ்)' என்று கொடுக்கலாம். அப்போது இரண்டு விஷயத்தைக் கண்காணிக்கிறது: அந்த டிக்ஷனரிக்கு உள்ளே நடக்கும் மாற்றம், அந்தப் பெயருக்கு வேறு டிக்ஷனரியையே வைத்துவிடும் மாற்றம். இரண்டில் ஒன்று மட்டும் வேண்டுமென்றால் 'ட்ராக்' என்ற அளவுருவில் "ஆப்ஜெக்ட்" அல்லது "வேரியபிள்" என்று சொல்லலாம். "ஆப்ஜெக்ட்" என்று சொன்னால் அந்த டிக்ஷனரி எந்தப் பெயரில் எந்த மாட்யூலுக்குப் போனாலும் பின்தொடரும். மாட்யூல்களுக்கு இடையே கைமாறும் ஆப்ஜெக்டுகளுக்கு இதுதான் வேண்டியது.

ஒரு சாவியை மட்டும் கொடுத்தால் அறிக்கை சுருக்கமாக வரும். முழு டிக்ஷனரியைக் கொடுத்தால் முன்னும் பின்னும் மொத்தத்தையும் அச்சிடும். விலைப் பட்டியலில் ஆயிரம் பொருள் இருந்தால் மாறிய ஒன்றைக் கண்ணால் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆனால் சாவி மட்டும் கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. யாராவது 'அமைப்பு.செட்டிங்ஸ் = புது_டிக்ஷனரி' என்று பெயரையே மாற்றி வைத்தால், கண்காணிப்பு பழைய டிக்ஷனரியிலேயே நின்றுவிடும், வாயே திறக்காது. முதல் ஓட்டத்தில் சாவி, அதில் ஒன்றும் வராவிட்டால் இரண்டாவது ஓட்டத்தில் முழு டிக்ஷனரி, இந்த வரிசை நல்லது.

"விலை" போன்ற உள் டிக்ஷனரிக்கு இன்னொரு ஏற்பாடு வேண்டும். இயல்பாக எடுத்து வைப்பது மேலோட்டமான நகல். அதில் உள் டிக்ஷனரி நகலாகாது. பழையதும் புதியதும் ஒரே உள் டிக்ஷனரியைக் காட்டும். சிமெண்ட் விலையை யார் மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும், ஒப்பிட்டால் சமம் என்றுதான் வரும். 'டீப்காப்பி=ட்ரூ' கொடுத்தால் சிக்கும். டேட்டாபேஸ் கனெக்‌ஷனையோ த்ரெட் லாக்கையோ அதே டிக்ஷனரிக்குள் போட்டு வைத்திருந்தால் ஆழ நகல் எடுக்க முடியாமல் டைப்எரர் அடித்து நின்றுவிடும். கனெக்‌ஷனை செட்டிங்ஸில் போட்டு வைப்பதே ஒரு கெட்ட பழக்கம், அது வேறு கதை. இப்போதைக்கு 'வாட்ச்(அமைப்பு.செட்டிங்ஸ்["விலை"], டீப்காப்பி=ட்ரூ)' என்று தேவையான கிளையை மட்டும் கொடுத்து நழுவிக்கொள்ளலாம்.

'வென்' என்ற அளவுருவுக்கு ஒரு நிபந்தனை ஃபங்ஷன் தரலாம். மாநிலக் கோட் 34 அல்லாததாக ஆகும்போது மட்டும் சொல் என்றால் அப்போது மட்டும் சொல்லும். நியாயமாகவே அடிக்கடி மாறும் மதிப்புகளுக்கு இது இல்லாமல் முடியாது.

ஒன்றுமே வராவிட்டால்

வாட்ச் போட்டாயிற்று, கடலூர் பில்லும் போட்டாயிற்று, மதிப்பும் தப்பாக வருகிறது, ஆனால் அறிக்கை இல்லை. லைப்ரரி சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் போடுகிறார்கள். உண்மையில் இந்த மௌனம்தான் கருவியின் பாதிப் பயன். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட் வேறு, தப்பு நடக்கும் ஆப்ஜெக்ட் வேறு. ஒரு ஆப்ஜெக்டைப் பங்கு போடுகிறோம் என்று நினைத்த இடத்தில் இரண்டு இருக்கின்றன.

உடனே செய்ய வேண்டியது: இரண்டு மாட்யூலிலும் ஒரு வரி அச்சிடுங்கள். ஆப்ஜெக்டின் அடையாள எண்ணைத் தரும் 'ஐடி(அமைப்பு.செட்டிங்ஸ்)', 'அமைப்பு' மாட்யூலின் பெயர், அதன் ஃபைல் பாதை, 'ஓஎஸ்.கெட்பிஐடி()' தரும் பிராசஸ் எண். நான்கையும் சேர்த்து அச்சிடுவதற்குக் காரணம் உண்டு.

ஐடி வேறு, ஃபைல் பாதை ஒன்று, மாட்யூல் பெயர் வேறு என்றால் ஒரே ஃபைல் இரண்டு முறை லோடாகியிருக்கிறது. 'கடை' என்ற ஃபோல்டருக்குள் எல்லா ஃபைலும் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் 'இம்போர்ட் அமைப்பு' என்கிறார், இன்னொருவர் 'ஃபிரம் கடை இம்போர்ட் அமைப்பு' என்கிறார். 'சிஸ்.பாத்' பட்டியலில் கடை ஃபோல்டரும் இருந்து, அதற்கு மேல் ஃபோல்டரும் இருந்தால் இரண்டுமே வேலை செய்யும். 'சிஸ்.மாட்யூல்ஸ்' பட்டியலைத் திறந்து பார்த்தால் 'அமைப்பு', 'கடை.அமைப்பு' என்று இரண்டு பதிவுகள் தனித்தனி செட்டிங்ஸோடு உட்கார்ந்திருக்கும். பைதான் மாட்யூலைப் பெயரை வைத்துத்தான் ஞாபகம் வைக்கிறது, ஃபைலை வைத்து அல்ல. எல்லா இடத்திலும் 'கடை.அமைப்பு' என்றே இம்போர்ட் செய்து, மேல் ஃபோல்டரில் நின்று 'பைதான் -எம் கடை.பில்' என்று ஓட்டினால் தீரும். 'பைதான் கடை/பில்.பிஒய்' என்று ஓட்டினால் கடை ஃபோல்டர் தானாகப் பட்டியலின் தலையில் ஏறிக்கொள்ளும், வினையே அதுதான்.

இதன் இன்னொரு வடிவம் கொஞ்சம் விஷமத்தனமானது. நேரடியாக ஓட்டும் ஃபைலுக்கு அதன் சொந்தப் பெயர் கிடைக்காது, 'மெயின்' என்ற பெயரில்தான் லோடாகும். பில்.பிஒய் ஃபைலை ஓட்டுகிறீர்கள்; 'ரிப்போர்ட்' மாட்யூல் கடைசி பில் எண் வேண்டும் என்று 'இம்போர்ட் பில்' செய்கிறது. பில்.பிஒய் முதலிலிருந்து இன்னொரு முறை ஓடி, பில் எண் கவுண்டர் இரண்டாகிறது. ஒரு கவுண்டர் 118-ல் நிற்க, இன்னொன்று 1-லிருந்து தொடங்கும். நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. இங்கே அது நேரடியாக உடைகிறது. கவுண்டரைத் தனி மாட்யூலுக்கு நகர்த்துவதுதான் மருந்து.

ஐடி ஒன்று, பிராசஸ் எண் வேறு என்றால் ஏமாந்துவிடாதீர்கள். ஃபோர்க் ஆன (ஒன்று தன்னையே நகலெடுத்துப் பிரிந்த) பிராசஸ்களில் தாயிடமும் பிள்ளையிடமும் ஒரே ஐடி வரும், ஆனால் இரண்டும் தனித்தனி நகல். கூனிகார்ன் மாதிரி சர்வரில் நான்கு வொர்க்கர் ஓடினால் நான்கு செட்டிங்ஸ் இருக்கும். "சில பில் சரி, சில பில் தப்பு, ரிஃப்ரெஷ் பண்ணா மாறுது" என்ற புகார் வந்தால் முதல் சந்தேகம் இதுதான். வாட்ச்பாயிண்ட்ஸ் தான் இருக்கும் பிராசஸுக்கு வெளியே எட்டிப் பார்க்காது. வொர்க்கரை ஒன்றாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போது தப்பு நிலையாக வர ஆரம்பித்தால் மாற்றும் வரியை லைப்ரரி பிடித்துவிடும், தப்பே வராமல் போனால் அந்த மதிப்பு டேட்டாபேஸில் இருந்திருக்க வேண்டியது.

மௌனத்துக்கு நேர் எதிரும் உண்டு. அறிக்கை ஒழுங்காக வருகிறது, மாற்றம் நடந்தது என்கிறது, ஆனால் பில் மாறவில்லை. 'ஃபிரம் அமைப்பு இம்போர்ட் மாநிலம்' என்று எழுதிய மாட்யூல் அந்த நிமிடத்து மதிப்புக்குத் தன்னிடம் ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது. பிற்பாடு வேறொருவர் 'அமைப்பு.மாநிலம் = "33"' என்று மாற்றினால் அந்தப் பெயருக்குத் தெரியாது. 'இம்போர்ட்லிப்.ரீலோட்' செய்தாலும் தெரியாது. 'இம்போர்ட் அமைப்பு' என்று எழுதி, ஒவ்வொரு முறையும் 'அமைப்பு.மாநிலம்' என்று புள்ளி வைத்துப் படிக்க வேண்டும்.

ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட் கொடுக்கும் பழைய வியாதிக்கு இந்த லைப்ரரி தேவையே இல்லை. முந்தைய வாடிக்கையாளரின் பொருள் அடுத்தவர் பில்லில் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த ஃபங்ஷனின் 'டிஃபால்ட்ஸ்' பண்பை இரண்டு பில்லுக்கு நடுவே அச்சிட்டுப் பாருங்கள், லிஸ்ட் வளர்ந்திருப்பது தெரியும்.

குறைகள்

வேகம் முதல் குறை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பும் ஒப்பீடும் நடப்பதால் புரோகிராம் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகும். ஆழ நகலும் சேர்ந்தால் இன்னும் மோசம். கூட்டம் நிற்கும் மாலை நேரத்தில் கடையில் ஓடும் பில்லிங்கில் போட்டுப் பார்க்கும் சாமான் இல்லை இது. சந்தேகப்படும் ஃபங்ஷனுக்கு முன்னால் வாட்ச், முடிந்ததும் 'அன்வாட்ச்' என்று வளையத்தைச் சுருக்க வேண்டும்.

இரண்டாவது, 'செட்ரேஸ்' வசதிக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் குடியிருக்க முடியும். விஎஸ் கோட் டீபக்கரில் எஃப்5 அழுத்தி ஓட்டிக்கொண்டே இதையும் போட்டால் இரண்டில் ஒன்று குருடாகலாம். கவரேஜ் அளக்கும் கருவிகளோடும் இதே தகராறு. டெர்மினலில் தனியாக ஓட்டுங்கள்.

மூன்றாவது, 'வாட்ச்' என்று எழுதிய வரியின் சோர்ஸைப் படித்துத்தான் எதைக் கண்காணிக்க வேண்டும் என்று அது தெரிந்துகொள்கிறது. அதனால் ஃபைலில் எழுதி ஓட்டுவதே உத்தமம். பைஇன்ஸ்டாலர் போட்டு இஎக்ஸ்இ ஆக்கிக் கடையில் வைத்திருந்தால், சோர்ஸ் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அழைப்பு அடுக்கை முழுக்கக் காட்டாமல் ஓர் அளவோடு நிறுத்துவது சின்னக் குறை. 'வாட்ச்.கான்ஃபிக்(ஸ்டாக்_லிமிட்=நன்)' கொடுத்தால் முழுதும் வரும். மாட்யூல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே போகும் புரோகிராமில் இதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

பிடிபியில் 'டிஸ்ப்ளே' என்ற கட்டளை இருக்கிறது, மதிப்பு மாறினால் காட்டும் என்கிறார்கள். இரண்டு சிக்கல். நீங்கள் அடியடியாக நகர்த்தி, அதே ஃபிரேமில் (அதே ஃபங்ஷன் அழைப்பில்) நிற்கும்போதுதான் காட்டும். அதைவிட, 'டிஸ்ப்ளே அமைப்பு.செட்டிங்ஸ்' என்று கொடுத்தால் உள்ளே நடக்கும் மாற்றம் தெரியாது, ஏனென்றால் பழையதாக அது வைத்திருப்பதும் அதே டிக்ஷனரிதான். 'டிஸ்ப்ளே டிக்ட்(அமைப்பு.செட்டிங்ஸ்)' என்று ஒவ்வொரு முறையும் புது நகல் எடுக்க வைத்தால் தெரியும்.

விஎஸ் கோட் டீபக்கர் பார்க்க வசதி. நிபந்தனையோடு பிரேக்பாயிண்ட், நிற்காமல் அச்சிட்டுப் போகும் லாக்பாயிண்ட் எல்லாம் உண்டு. ஆனால் எந்த வரியில் நிற்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்; அந்த வரி தெரியாததுதானே பிரச்சினை. மாற்றுவது வெளி லைப்ரரியாக இருந்தால் 'ஜஸ்ட் மை கோட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்காதவரை அதற்குள் நுழையவும் விடாது. அதன் வாட்ச் பெட்டியில் 'கணக்கு["கடலூர்"]' என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். 'கணக்கு' ஒரு டிஃபால்ட்டிக்ட் ஆக இருந்தால், பார்த்த மாத்திரத்திலேயே அந்தச் சாவி உள்ளே உருவாகிவிடும். டீபக்கர் இல்லாமல் வராத கோளாறு டீபக்கரில் மட்டும் வருகிறதென்றால் இப்படி ஏதாவது இருக்கும்.

எதையும் நிறுவ அனுமதி இல்லாத கம்ப்யூட்டரில் கையாலேயே ஒரு பொறி செய்யலாம். 'கலெக்‌ஷன்ஸ்' மாட்யூலில் உள்ள 'யூசர்டிக்ட்' வகுப்பிலிருந்து ஒரு வகுப்பு எடுத்து, 'செட்ஐட்டம்' மெத்தடில் 'ட்ரேஸ்பேக்.பிரிண்ட்_ஸ்டாக்()' போட்டுவிட்டு, செட்டிங்ஸை அந்த வகுப்பில் சுற்றிவிட வேண்டும். ஏழெட்டு வரி. சாதாரண 'டிக்ட்' வகுப்பிலிருந்து எடுத்தால் 'அப்டேட்' உங்கள் மெத்தடைத் தொடாமலே எழுதிவிட்டுப் போய்விடும். நம் கோளாறு வந்ததே அப்டேட் வழியாகத்தான். யூசர்டிக்டில் அப்டேட்டும் உங்கள் மெத்தட் வழியாகத்தான் வரும். ஆனால் அதை 'ஜேசன்.டம்ப்ஸ்' ஏற்காது, அச்சிடும் இடத்தில் 'டிக்ட்()' போட்டுக் கொடுக்க வேண்டும். வேகம் குறையாது என்பதால், வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் கோளாறுக்கு வாட்ச்பாயிண்ட்ஸை விட இதுவே மேல் என்போம்.

யாருக்கு

மாட்யூல் பத்துக்கு மேல் போய், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதிய புரோகிராமைப் பராமரிப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குறைத்த ஒன்று வேகத்துக்கும் டீபக்கர் மோதலுக்கும். ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும் உதவும். ஒரு பெயருக்கும் ஒரு ஆப்ஜெக்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதன் 'ட்ராக்' அளவுருவை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

வரி கிடைத்த பிறகு திருத்தம் சின்னதுதான். 'கடலூர்' மாட்யூலில் செட்டிங்ஸையும் கிளை விவரத்தையும் சேர்த்து ஒரு புது டிக்ஷனரி செய்து, அதை பில் ஃபங்ஷனுக்கு அளவுருவாக அனுப்புங்கள். "விலை" உள் டிக்ஷனரி அப்போதும் பொதுவாகத்தான் இருக்கும், கிளைக்குக் கிளை விலை மாறுமானால் 'காப்பி.டீப்காப்பி' வேண்டும். 'அமைப்பு' மாட்யூலில் செட்டிங்ஸை படிக்க மட்டும் விடும் 'டைப்ஸ்.மேப்பிங்பிராக்சிடைப்' போர்த்தி வெளியே கொடுத்தால், அடுத்த முறை யாராவது அப்டேட் செய்ய வந்தால் அட்ரிபியூட்எரர், சாவியில் நேராக எழுதினால் டைப்எரர் என்று அந்த வரியிலேயே நின்றுவிடும். இதுவும் மேல் அடுக்கை மட்டுமே காக்கும்.

வேலை முடிந்ததும் 'வாட்ச்' வரிகளை எடுக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு ஃபைலிலும் இம்போர்ட் எழுதச் சோம்பல்பட்டு 'வாட்ச்.இன்ஸ்டால்()' போட்டிருந்தால், அந்தப் பெயர் இம்போர்ட் இல்லாமலே எல்லா மாட்யூலிலும் கிடைக்கும். அதனால் இம்போர்ட் வரியைத் தேடி அழிப்பது போதாது, 'வாட்ச்' என்ற சொல்லையே புராஜெக்ட் முழுக்கத் தேடுங்கள். இம்போர்ட் வரி போய் 'வாட்ச்' வரி மட்டும் தங்கிவிட்டால் கடைக் கம்ப்யூட்டரில் நேம்எரர் அடித்து பில்லே வராது. இரண்டும் தங்கி லைப்ரரியும் இருந்துவிட்டால் பில் வரும், ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று புதுப் புகார் வரும்.